தூண் உடையாமல் பனோரமா எடுப்பது எப்படி?

மதுரை திருமலை நாயக்கர் மகால் மாதிரி, பக்கத்திலேயே ஒரு தூண், அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் பல தூண்கள் இருக்கும் இடங்களில் பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டி ஒரே அகலமான படம், எடுப்பதற்கான விளக்கம் இது. மலை, கடற்கரை என்றால் எல்லாமே தூரத்தில்தான் இருக்கும்; போனில் உள்ள பனோரமாவே போதும். தூண் மண்டபத்தில் அது எடுபடாது. படங்களை ஒட்டியதும் ஒரு தூண் இரண்டாகத் தெரியும், அல்லது பாதியில் முறிந்து நிற்கும்.

டிரைபாடில் கேமரா, அடியில் உள்ள திருகை மையமாக வைத்துத்தான் சுழல்கிறது. லென்ஸ் அதற்கு முன்னால் இருப்பதால், திருப்பத் திருப்பப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். முதல் படத்தில் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது அடுத்த படத்தில் வெளியே வந்துவிடும். இதை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. அதனால், கையில் காசு இருந்தால், புது லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு நோடல் ரெயில் (கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் தண்டவாளம் போன்ற தகடு) வாங்குங்கள். கேமராவை நிமிர்த்தி மாட்ட எல் பிராக்கெட்டும் வேண்டும். சுழலும் பகுதி பால் ஹெட்டுக்கு (டிரைபாடின் மேல் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய உருண்டை மூட்டு) மேலே இருப்பதே நல்லது. கால்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மேலே மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, சுழல் புள்ளியைக் கண்டுபிடிப்பது; அதாவது, அதை மையமாக வைத்துத் திருப்பினால் அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாத, லென்ஸில் உள்ள இடம். இதை வீட்டு மாடியிலேயே செய்துவிடுங்கள். கேமராவுக்கு அருகில் ஒரு குச்சியை நிறுத்தி, தூரத்து மின்கம்பத்தோடு ஒரே கோட்டில் வருமாறு வையுங்கள். இப்போது கேமராவை இடப்பக்கம் திருப்புங்கள். குச்சி கம்பத்தை விட்டு வலப்பக்கம் விலகினால் கேமரா அதிகமாக முன்னால் இருக்கிறது. ரெயிலில் பின்னுக்குத் தள்ளுங்கள். இடப்பக்கம் விலகினால் முன்னுக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டும் ஒட்டியே இருக்கும் இடம்தான் சரி. ரெயிலில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

அப்புறம் எல்லாம் சுலபம். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவல். லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப்/8. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) இருந்தால் கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் வானம் திட்டுத்திட்டாக வரும். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 18 மிமீ லென்ஸ் நிமிர்ந்த நிலையில் ஏறக்குறைய 45 பாகை காட்டும். 30 பாகைக்கு ஒரு படம் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரும். முழு வட்டத்துக்கு 12 படங்கள்.

படங்களை ஒட்டுவதற்கு என் தேர்வு ஹகின் (Hugin) என்ற மென்பொருள். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நடந்துபோகிறவர் இரண்டு படத்தில் விழுந்தால், அதன் மாஸ்க் வசதியால் ஒரு படத்தில் அவரை மறைத்துவிடலாம். அகலம் 100 பாகையைத் தாண்டினால், படத்தை விரிக்கும் முறையாக (புரொஜெக்‌ஷன்) சிலிண்ட்ரிகல், அதாவது உருளை வடிவம், வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலீனியர் முறையில் ஓரத்துத் தூண்கள் பருத்துவிடும்.

பின்சேர்க்கை: ஜூம் லென்ஸ் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். ஜூமை மாற்றினால் சுழல் புள்ளியும் மாறும். ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு போடுங்கள். டிரைபாடுக்கு அனுமதி இல்லாத இடமா? லென்ஸில் அந்தப் புள்ளிக்கு நேராக ஒரு நூலைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு போலச் சின்ன எடையைத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு நாணயம். எடை நாணயத்துக்கு நேர் மேலேயே நிற்க, நீங்கள் கேமராவைச் சுற்றி நகர்ந்து எடுங்கள்.