அகல ரிம் மாட்டும்போது ஆஃப்செட் கணக்கில் நேரும் தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘நம்ம வண்டிக்குச் சேருமா?’ என்பதுதான். போல்ட் துளைகள் ஒத்துப்போனால் ‘சேரும்’ என்று பதில் வந்துவிடும். ரிம்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்பதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நேர் நடுவே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டால், ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சுத் தலையில், பதியும் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். ரிம்மில் ‘ஈ.டி. 45’ என்று பொறித்திருப்பது இதைத்தான். ஈ.டி. எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும்; குறைந்தால் வெளியே வரும்.

பரவலாகக் காணப்படும் தவறு, பழைய ஈ.டி. எண்ணையே புதிய அகல ரிம்முக்கும் தேர்ந்தெடுத்துவிட்டு, உட்பக்க இடைவெளி மாறாது என்று நம்புவது. வண்டியில் இருப்பது 5.5ஜே (ஜேக்கு முன் உள்ள எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில்), ஈ.டி. 45 என்றும், மாட்ட நினைப்பது 6.5ஜே என்றும் வைத்துக்கொள்வோம். அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் கூடுகிறது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் 12.7 வீதம் பிரிகிறது. ஈ.டி. 45 ஆகவே இருந்தால் ரிம்மின் உள்விளிம்பு ஷாக் அப்சார்பரை நோக்கி அந்த 12.7 மில்லிமீட்டர் முழுவதும் நகர்ந்திருக்கும். ஈ.டி. 40 ஆனால் உள்ளே 7.7, வெளியே 17.7. உட்பக்கத்தைத் துளியும் மாற்றக் கூடாது என்றால் ஈ.டி. ஏறத்தாழ 32 ஆக வேண்டும். அப்போது வெளிவிளிம்பு ஓர் அங்குலமும் மட்கார்டு பக்கம் வந்துவிடும். ஆகவே உட்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு விடைகளை எழுதாத வரை கணக்கு முடிந்ததாகாது.

இந்த விடைகள் ரிம்முக்கு மட்டுமே உரியவை. டயரின் வயிறு ரிம்மைத் தாண்டிப் புடைத்திருக்கும் என்பதால் அதற்குத் தனிக்கணக்கு வேண்டும். 185 டயரை எடுத்துவிட்டு 195 டயரை 6.5ஜே ரிம்மில் ஏற்றினால், 195 டயரை அளப்பதற்கென வகுத்த ரிம்மைவிட இந்த ரிம் அரை அங்குலம் அகலமாக இருப்பதால், டயர் சுமார் 200 மில்லிமீட்டர் வரை விரியும். பாதிப் பாதியாகப் பார்த்தால் 92.5 இருந்த இடத்தில் 100, பக்கத்துக்கு 7.5 கூடுதல். ஈ.டி. 45-லிருந்து 40-க்கு வந்ததையும் சேர்த்தால் டயரின் உட்புடைப்பு 2.5 மட்டுமே நெருங்குகிறது, வெளிப்புடைப்பு 12.5 வெளியே வருகிறது. ரிம் கணக்கை டயருக்கும், டயர் கணக்கை ரிம்முக்கும் மாற்றிப் போடுகிறவர்கள் ஒன்று வீணாகப் பயப்படுகிறார்கள், இல்லையேல் வீணாகத் துணிகிறார்கள்.

அகலத்தை அளப்பதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய அலாய் செட் ஒன்றை வாங்கியபோது, மறுபெயின்ட் அடித்ததில் ஈ.டி. எழுத்து மறைந்திருந்தது. ரிம்மைக் கவிழ்த்து, பின்விளிம்பின்மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப் முகம் வரை அளந்தேன்: 135 மில்லிமீட்டர். 6.5 அங்குலத்தில் பாதி 82.5, அதைக் கழித்தால் 52.5 என்று முடிவுகட்டி, சக்கரம் மிகவும் உள்ளே போய்விடுமே என்று, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் 10 மில்லிமீட்டர் தகடான ஸ்பேசரும் வாங்கினேன். ஆனால் 6.5ஜே என்பது டயரின் ஓரம் உட்காரும் இரு இடங்களுக்கு இடைப்பட்ட அளவு. விளிம்புகளையும் சேர்த்தால் முழு அகலம் சுமார் 7.5 அங்குலம், அதாவது 190 மில்லிமீட்டர். சட்டம் உட்கார்ந்ததோ அந்த விளிம்பின்மேல். 135-லிருந்து 95-ஐக் கழித்திருக்க வேண்டும், உண்மையான ஈ.டி. 40. ஸ்பேசர் அதை 30 ஆக்கிவிட்டது. அன்று மாலை நான்கு பேரோடு கடலூருக்குப் புறப்பட்டவன், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் வேகத்தடையில் டயர் மட்கார்டைப் பிறாண்டும் சத்தத்தைக் கேட்டேன்.

ஸ்பேசர் போட்டால் அதன் தடிமன் அளவுக்கு ஈ.டி. குறையும் என்பது பலருக்குத் தெரியும். நட்டு பிடிக்கும் மரை நீளமும் அதே அளவு குறைகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) 1.5 பிட்ச் மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறும் மரை என்றால் நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். தவிர, ஈ.டி. குறையக் குறைய டயரின் நடுப்பகுதி ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே விலகுகிறது. பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் கையை இழுப்பதும், வீல் பேரிங் சீக்கிரம் இரைவதும் அதனால்தான்.

நம் கடலோரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் ஹப் முகத்தில் துரு பக்கு கட்டியிருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் புதிய ரிம்மை மாட்டினால் அது சாய்வாக உட்காரும், சில நாளில் நட்டும் தளரும். மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அவசியம். சென்டர் போரையும், அதாவது ஹப் நுழையும் ரிம்மின் நடுத்துளையையும் சரிபார்க்க வேண்டும். ரிம் துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுக்கொள்ளலாம், சிறிதாக இருந்தால் அந்த ரிம் வேண்டாம்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்ப்பதே நல்லது. ஷாக் அப்சார்பரின் நெருக்கமான இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, சக்கரத்தை மாட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசுங்கிய மாவின் தடிமனே மிஞ்சிய இடைவெளி. பிரேக் கேலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவிலும் இதையே செய்யலாம். ஜாக்கியில் தூக்கிய நிலையில் பார்த்துவிட்டு விடுவது போதாது. சஸ்பென்ஷன் தொங்கும்போது கிடைக்கும் இடைவெளி பாரம் ஏறியதும் மாறிவிடும். பின்சீட்டில் மூவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடித்து, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிய பிறகு, மட்கார்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் லைனரில் புதிதாக ஒரு பளபளப்பான கோடு விழுந்திருந்தால், டயர் உரசுவது அந்த இடத்தில்தான்.