சிட்னி–பர்த் விமானம்: கடிகாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

ஊரில் எங்கே போனாலும் ஒரே நேரம். காலை ஆறுக்கு சென்னையில் ஏறி ஒன்பதுக்கு டெல்லியில் இறங்கினால் பயணம் மூன்று மணி நேரம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

சிட்னிக்கும் பர்த்துக்கும் வான்வழியில் சுமார் 3,290 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வடகோடி வரை போவதைவிட அதிகம். போகும்போது எதிர்க்காற்று, அதனால் ஐந்து மணி நேரம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் எடுப்பது, பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டுவது எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும்.

சிக்கல் நேர வித்தியாசத்தில். குளிர்காலத்தில் பர்த் இரண்டு மணி நேரம் பின்தங்கி இருக்கும். அக்டோபர் முதல் ஞாயிறு சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறுவரை அப்படியே ஓடும். பர்த்தில் அந்த வழக்கம் கிடையாது. 2009 வாக்கெடுப்பிலும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக கோடையில் வித்தியாசம் மூன்று மணி. காலை 9-க்கு சிட்னியில் ஏறினால் 11-க்கே பர்த். பர்த்தில் 11-க்கு ஏறினால் சிட்னியில் மாலை 6 தாண்டிவிடும்.

என் நண்பர் ஒருவர் ஒப்பந்த வேலைக்காகப் பர்த் போயிருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போக, சிட்னியிலிருந்து இரவு 9 மணிக்கு சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்கு ஏற்கெனவே டிக்கெட் இருந்தது. பர்த்திலிருந்து சிட்னி வர வேறொரு டிக்கெட் தனியாக எடுத்தார், காலை 11 மணிக்கு. "பத்து மணி நேரம் இருக்கு, நாலு போனா ஆறு மிச்சம்" என்றார். உண்மையில் மிச்சம் மூன்று மணி நேரம்கூட இல்லை. விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு ஓடினார். சிட்னியில் இரண்டும் ஓடுபாதைகளுக்கு இருபுறமும் இருக்கின்றன, நடந்து போக முடியாது. போய்ச் சேரும்போது கவுண்டர் மூடியாயிற்று.

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. போகும் விமானத்தில் ஏறாததால் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தானது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்குத் தடை என்பதால், பின்னிரவில் வேறு எதையாவது பிடிக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பேரன் வருவான் என்று கரும்பு வாங்கி வைத்திருந்த பாட்டிக்கு யார் பதில் சொல்வது?

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்து, அதிலிருந்து அடுத்த விமானத்துக்கு எண்ணுங்கள். முடிந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இல்லையென்றால் முந்தின நாளே சிட்னி வந்து ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். பர்த்திலேயே குடியிருப்பவர்கள் ஊருக்குப் போக சிட்னி பக்கமே வர வேண்டாம். அங்கிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரம்தான், கடிகாரமும் ஒன்றே.

அப்புறம், பர்த்துக்குப் போகும்போது பழம், காய்கறி, தேன் எதையும் பையில் வைக்காதீர்கள். உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைப்போம், ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் அதற்கும் சோதனை உண்டு.