காலிறுதி வெள்ளிக்கிழமை: டெல்லி பாட்மின்டன் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் டெல்லியில் நடக்கும் இந்தியா ஓபன் செவ்வாய்க்கிழமை தொடங்கி ஞாயிறு முடியும். காலிறுதி வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஐந்து பிரிவிலும் நாலு நாலு ஆட்டம், ஆக ஒரே நாளில் 20 ஆட்டம். சனிக்கிழமை 10, ஞாயிறு வெறும் 5. வாரத்திலேயே நல்ல ஆட்டம் நிறையக் கிடைக்கிற நாள் இதுதான், ரசிகர்கள் அதிகம் கோட்டை விடுகிற நாளும் இதுதான்.

முதல் தவறு, ஆட்டம் இத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்வது. "லக்ஷ்யா சென் ஆட்டம் ஏழு மணிக்கு, ஆபீஸ் முடிச்சுட்டுப் போயிடலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது போடுவார். ஏழு மணி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தின நாள் இரவு வெளியாகும் ஆட்ட வரிசையில், ஒவ்வொரு கோர்ட்டிலும் முதல் ஆட்டத்துக்கு மட்டுமே நேரம் உண்டு. மற்றவை எல்லாம் 'அதைத் தொடர்ந்து'. சில ஆட்டங்களுக்கு மட்டும் 'இந்த நேரத்துக்கு முன் தொடங்காது' என்று இருக்கும். அந்த நேரத்துக்குத் தொடங்கிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. டாக்டர் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காருவது மாதிரிதான், முன்னால் இருப்பவர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ அதுதான் கணக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டே செட்டில் முடியும் ஆட்டம் சுமார் 40 நிமிடம், மூன்று செட் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே வார்ம்-அப்போடு சேர்த்துப் பத்து நிமிடம் போகும். பகல் 12 மணிக்குத் தொடங்கும் கோர்ட்டில் நாலாவது ஆட்டம் 2.30-க்கும் தொடங்கலாம், 4 மணிக்கும் தொடங்கலாம். பெண்கள் இரட்டையர் ஆட்டம் முன்னால் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அவர்களின் ராலி (ஒரு புள்ளிக்காக ஷட்டில் மாறி மாறிப் பறப்பது) லேசில் முடியாது. எதிர்பாராமலும் தடைபடும். 2026-ல் நம்ம பிரணாய்க்கும் சிங்கப்பூரின் லோ கீன் யூவுக்கும் நடந்த ஆட்டம், கோர்ட்டில் பறவை எச்சம் விழுந்ததால் நின்றது. மாறாக, ஒருவர் காயத்தால் வராமல் எதிராளி ஆடாமலே ஜெயிக்கும் 'வாக்ஓவர்' ஆனால், பின்னால் இருக்கும் ஆட்டம் ஒரு மணி நேரம் முன்னுக்கு வந்துவிடும். முந்தின வாரம்தான் மலேசியா ஓபனில் ஆடிவிட்டு வருகிறார்கள் என்பதால் வாக்ஓவர் அபூர்வமும் அல்ல.

நடைமுறைக்கு ஒரு வழி: உங்களுக்கு வேண்டிய ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டம் முன்னால் இருப்பது தொடங்கியதை லைவ் ஸ்கோரில் பார்த்ததும் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். நடுவில் வாக்ஓவர் ஆகாவிட்டால் ஒன்றரை மணி நேரமாவது கையில் இருக்கும். ஸ்கோர் பார்க்கும்போது இன்னொன்று: ஐஎன்ஏ என்று போட்டிருந்தால் அது இந்தோனேசியா. நமக்கு ஐஎன்டி. இந்தோனேசிய ஜோடி ஜெயித்ததற்கு நம்மவர்கள் பட்டாசு எமோஜி போடுவது வருஷா வருஷம் நடக்கிறது.

அரங்கு, வண்டி, ஸ்வெட்டர்

சிரி ஃபோர்ட்டில் நடந்த காலம் போய் பல வருஷம் ஆகிறது. அதன் பிறகு இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் கே.டி. ஜாதவ் அரங்கில் நடந்தது. 2026-ல் அதே வளாகத்தின் பெரிய உள்ளரங்குக்கு மாறியது. ஒரே வளாகம், இரண்டு அரங்கு. டிக்கெட்டில் அரங்கின் பெயரையும் கேட் எண்ணையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான கேட்டில் இறங்கினால் சுற்றி நடப்பதற்குள் ஒரு செட் முடிந்துவிடும்.

மயூர் விஹாரிலிருந்தும் கரோல் பாகிலிருந்தும் புளூ லைனில் வண்டி மாறாமல் இந்திரபிரஸ்தா ஸ்டேஷனுக்கு வரலாம். முனிர்க்கா, ஆர்.கே. புரத்துக்காரர்கள் மெஜந்தா லைனில் கால்காஜி மந்திர் வந்து, வயலட் லைனுக்கு மாறி ஐ.டி.ஓ.வில் இறங்க வேண்டும். இரண்டு ஸ்டேஷனும் அரங்கு வாசலில் இல்லை. ஆட்டோவோ நல்ல நடையோ வேண்டும். இரவில் திரும்புவதற்கும் யோசித்து வையுங்கள். கடைசி ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனால், கடைசி மெட்ரோவா மேட்ச் பாயின்ட்டா என்ற நிலை வரும்.

அரங்குக்குள் கதகதப்பாக இருக்கும் என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டு வருவது இன்னொரு தவறு. ஜனவரி டெல்லியில் ஆடுபவர்களே ஜாக்கெட்டோடுதான் கோர்ட்டுக்கு வருகிறார்கள், நீங்கள் ஆறேழு மணி நேரம் அசையாமல் உட்காரப் போகிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைய காற்றுத் தரத்தைப் பார்த்துவிட்டு மாஸ்க்கோடு வாருங்கள். டென்மார்க்கின் ஆன்டர்ஸ் ஆன்டன்சன் 2026-ல் மாசைக் காரணம் சொல்லிப் போட்டியிலிருந்தே விலகினார்.

முதல் செட் போனதும் எழுந்து போவது

பெரிய அரங்குகளில் காற்று ஒரு பக்கமாக நகரும். டிவியில் தெரியாது, கோர்ட்டின் பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து, உயரமாகத் தூக்கும் லிஃப்டைக் கவனித்தால் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து அடித்தது எல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போகும், அடுத்த பக்கத்திலிருந்து அதே அடி நடுக்கோர்ட்டிலேயே விழும். காற்று முதுகுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஷட்டிலை அடக்குவது கஷ்டம். எதிர்க்காற்றில் ஆடுபவர் துணிந்து வீசி அடிக்கலாம். எனவே 11-21 என்று முதல் செட்டை விட்டவர் மட்டமாக ஆடினார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள். செட்டுக்கு ஒரு முறை பக்கம் மாறும், மூன்றாவது செட்டில் ஒருவர் 11 தொட்டதும் மாறும். அந்தச் செட்டில் 11-9 முன்னிலை, வசதியான பக்கத்தில் கிடைத்ததென்றால் அது பெரிய முன்னிலை இல்லை.

நம்ம சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி 2025 ஸ்விஸ் ஓபனில், மேலே சொன்ன ஆன்டன்சனை 18-21, 21-12, 21-5 என்று வென்று காலிறுதிக்குப் போனார். முதல் செட் போனதும் டிவியை அணைத்தவர்கள் அந்த 21-5-ஐப் பார்க்கவில்லை.

ராலி நடக்கும்போதே 'அவுட்' என்று கத்துவது ஆட்டக்காரருக்கு நேரடித் தொல்லை. அதுவும் பாதி நேரம் தப்பாகவே இருக்கும். ஒற்றையரில் பக்கக்கோடு இரட்டையர் கோட்டுக்கு 46 செ.மீ. உள்ளே இருக்கிறது. இரட்டையரில் சர்வீஸுக்கான பின்கோடு கடைசிக் கோட்டுக்கு 76 செ.மீ. உள்ளே, சர்வீஸ் போன பிறகு அந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. ஷட்டில் கோட்டைத் தொட்டாலே 'இன்'. பக்கவாட்டில் உட்கார்ந்தால் நீளம் நன்றாகத் தெரியும், ஓரக்கோடு தெரியாது. பின்னால் உட்கார்ந்தால் நேர்மாறு.

கோட்டருகே விழும் ஷட்டிலுக்கு எல்லாம் "சேலஞ்ச் பண்ணு", அதாவது நடுவர் தீர்ப்பைக் கேமராவில் சரிபார்க்கக் கேள் என்று கூட்டம் கத்துவதும் வீண். ரிவ்யூ கேமரா உள்ள கோர்ட்டில்தான் சேலஞ்ச் செய்ய முடியும், அதிலும் ஒரு தரப்புக்கு ஆட்டம் முழுவதும் சேர்த்து இரண்டு. சரியாக இருந்தால் கணக்கில் குறையாது, தப்பினால் ஒன்று போகும். 5-5-இல் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு ஒன்றை வீணாக்கியவர் 19-19-இல் வெறுங்கையோடு நிற்பார். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. நடைபாதையில் நடப்பதற்கு, ஒருவர் 11 புள்ளி தொட்டதும் வரும் 60 விநாடியும், செட்டுக்கு நடுவே வரும் 120 விநாடியும் போதும்.

"பதக்கம் உறுதி!"

காலிறுதியை ஒருவர் ஜெயித்ததும் இந்த இரண்டு சொல்லும் குரூப் குரூப்பாகப் பறக்கும். எந்தப் போட்டி என்று பார்க்காமல் பகிர்வதுதான் தவறு. உலக சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் கிடையாது, அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம். ஆக, அங்கே காலிறுதி வெற்றி என்றாலே பதக்கம். ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையில், 2022-ல் மலேசியாவைக் காலிறுதியில் 3-2 என்று வென்றபோதே நம் அணிக்கு அந்தப் போட்டியின் முதல் பதக்கம் உறுதியானது இப்படித்தான். பிறகு கோப்பையே வந்தது வேறு கதை. ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் உண்டு. பாரிஸ் 2024-ல் காலிறுதியை வென்ற லக்ஷ்யா சென், வெண்கல ஆட்டத்தில் லீ ஸீ ஜியாவிடம் முதல் செட்டை எடுத்தும் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். இந்தியா ஓபன் போன்ற வேர்ல்ட் டூர் போட்டிகளில் பதக்கப் பேச்சே இல்லை, பரிசுப் பணமும் ரேங்கிங் புள்ளியும்தான்.

அந்தப் புள்ளியும் எல்லாக் காலிறுதிக்கும் ஒன்றல்ல, போட்டி எந்தப் படிநிலை என்பதைப் பொறுத்தது. காலிறுதியோடு வெளியேறினால் சூப்பர் 300-ல் 3,850, சூப்பர் 750 ஆன இந்தியா ஓபனில் 6,050, சூப்பர் 1000-ல் 6,600. அரையிறுதிக்குப் போனால் இந்தியா ஓபனில் 7,700. ஆனால் ரேங்கிங்கில் 52 வாரத்தின் சிறந்த 10 முடிவுகள்தான் சேரும். போன வருஷம் இங்கே அரையிறுதி ஆடியவர் இந்த வருஷம் காலிறுதியில் நின்றால், 7,700 கழிந்து 6,050 வரும். நன்றாக ஆடியும் ரேங்க் ஏன் இறங்கியது என்று செவ்வாய்க்கிழமை பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் நடக்கும்போது

போட்டி அட்டவணையில் உள்ளூர் நேரம்தான் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், ஜப்பானும் கொரியாவும் மூன்றரை, ஜகார்த்தா ஒன்றரை. மார்ச்சில் ஆல் இங்கிலாந்து ஐந்தரை மணி நேரம் பின்னால், அதாவது அங்கே மாலை ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு. அக்டோபரில் ஐரோப்பாவில் ஆடும்போது கூடுதல் கவனம் தேவை. அந்த மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். 2025-ல் பிரெஞ்ச் ஓபன் இறுதிநாளும் அந்த ஞாயிறும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமை காலிறுதிக்கு மூன்றரை மணி நேரம் கூட்டிப் பார்த்தவர்கள் ஞாயிறன்று நாலரை கூட்ட வேண்டியிருந்தது.