பிள்ளைங்கள ரோபோ போட்டிக்கு அனுப்பணுமா? கிட் வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

நாங்க செங்கோட்டை. மலை தாண்டி ஆரியங்காவு, தென்மலைய விட்டா புனலூர், அங்க எங்க மதினி மக பத்தாப்பு படிக்கா. 2025 ஜூன்ல இருந்து கேரளால பத்தாப்பு பிள்ளைங்க எல்லாருக்கும் ஐசிடி (கம்ப்யூட்டர்) பாடத்துலயே ரோபோட்டிக்ஸ் வந்துருச்சு, லீவுக்கு வந்தவ அத பத்தி ரெண்டு நாளு அளந்து விட்டதுல என் மவன் பிடிச்ச பிடிய விடல. எனக்கு வயரிங்ல ஒரு மண்ணும் தெரியாது, விழுந்து எந்திச்சு கத்துக்கிட்டத சொல்லுதேன்.

ஸ்டெப் 1: எந்த போட்டின்னு பாருங்க

பெருசுன்னா ரெண்டு. "ஃபர்ஸ்ட் லெகோ லீக்"னு ஒண்ணு (ஃபர்ஸ்ட்ங்கறது நடத்துறவங்க பேரு), அதுல ரோபோ ரெண்டரை நிமிஷம் ஓடும், ஆனா அது மட்டும் பத்தாது, பிள்ளைங்க ஒரு ப்ராஜெக்ட் செஞ்சு நடுவர்ங்க முன்னாடி பேசணும், அதுக்கும் மார்க் உண்டு. இன்னொண்ணு வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட், 2004ல ஆரம்பிச்சது, ரெண்டு பேரு இல்லன்னா மூணு பேரு டீம். ரெண்டுலயும் ரூல் வருஷா வருஷம் மாறும், அந்த வருஷ ரூல் புக்க பிள்ளைங்களையே படிக்க விடுங்க. முத தடவைக்கு காலேஜ், ஸ்கூல்ல நடக்குற லைன் ஃபாலோயர் (தரைல இருக்குற கோட்ட பாத்து அது வழியே ஓடுற ரோபோ) போட்டியே போதும்ங்கறது என் கருத்து.

ஸ்டெப் 2: காச செலவழிக்காதீங்க

முதல்ல ஸ்க்ராட்ச், கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா அடுக்கி பிள்ளைங்க ப்ரோக்ராம் கத்துக்குறது, ஃப்ரீ. பூனைய நடக்க விட்டு "இது நடந்தா அது பண்ணு"ங்கறது மண்டைல ஏறட்டும். அப்புறம் உங்க ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் இருக்கான்னு கேளுங்க, பிள்ளைங்க கையால செஞ்சு பாக்குற லேப், மத்திய அரசோட நிதி ஆயோக் குடுத்தது, ஆறாப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் பிள்ளைங்களுக்கு. சில இடத்துல பூட்டு தொங்கும், பேரண்ட்ஸ் நாலு பேரா போய் ஹெட்மாஸ்டர பாருங்க, தனியா போனா டீ குடுத்து அனுப்பிருவாங்க.

ஸ்டெப் 3: ஒரு லைன் ஃபாலோயர்

ஆர்டுயினோ ஊனோ (ரோபோவோட மூளை, நம்ம ப்ரோக்ராம் ஏத்துற போர்டு), எல்298என் மோட்டார் டிரைவர் (மூளை சொல்றபடி மோட்டாருக்கு கரண்ட் குடுக்குற போர்டு), சக்கரத்த சுத்த ரெண்டு பிஓ மோட்டார் (மஞ்சக் கலர் கியர் மோட்டார்), ரெண்டு ஐஆர் சென்சார் (கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்த விட்டு, அது திரும்பி வருதான்னு பாக்குறது), முன்னாடி ஒரு உருட்டு சக்கரம். வெள்ளை சார்ட்டுல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுனா அதான் ரோடு. சென்சார் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். வெள்ளை வெளிச்சத்த திருப்பி அனுப்பும், கருப்பு முழுங்கிரும், அவ்வளவுதான் விஷயம். ரெண்டும் வெள்ளைய பாத்தா நேரா போ, இடது சென்சார் கருப்ப பாத்தா இடது பக்கம் திரும்பு, வலதும் அதே மாதிரி.

கடைல 9 வோல்ட் சின்ன பேட்டரி குடுப்பாங்க, வாங்காதீங்க, மோட்டார் இழுக்குற கரண்ட அதால குடுக்க முடியாது, ரெண்டு நிமிஷத்துல படுத்துரும். 18650ன்னு சொல்ற, சார்ஜ் பண்ற லித்தியம் செல் ரெண்ட சீரிஸ்ல (ஒண்ணோட பிளஸ் அடுத்ததோட மைனஸ்ல) போடுங்க, சார்ஜ் போடும்போது பெரியவங்க பக்கத்துல இருங்க.

இப்ப எங்க கதை. ஆடி மாசம், இங்க சாரல், வெயில கண்ணுல பாக்கல, டியூப்லைட் வெளிச்சத்துலயே சென்சார செட் பண்ணி சூப்பரா ஓட்டிட்டு திருநெல்வேலி பக்கம் போட்டிக்கு போனோம். அங்க வெயில் கொளுத்துது, டேபிள் ஜன்னலோரம். ரோபோ கோட்ட மதிக்காம நேரா போயி டேபிள விட்டு கீழ விழுந்துச்சு! வெயில்லயும் ஐஆர் இருக்கு, அது சென்சாருக்குள்ள அடிச்சதுல எல்லாமே வெள்ளைன்னு நெனச்சிருக்கு. மவனுக்கு கண்ணு கலங்கிருச்சு. அவன் கூட்டாளி பயதான் கருப்பு சார்ட்ட கிழிச்சு சென்சார சுத்தி பாவாட மாதிரி ஒட்டி, சென்சார்ல இருக்குற குட்டி திருகாணிய திருப்பி மறுபடி செட் பண்ணான். ரெண்டாவது ரவுண்டுல முழுசா ஓடுச்சு, ப்ரைஸ் இல்ல, அது கிடக்கட்டும்.

ஸ்டெப் 4: கைய கட்டிட்டு நில்லுங்க

இதான் கஷ்டம். எங்க வீட்டுக்காரரு ஒரு ராத்திரி பூரா உக்காந்து வயர மாத்தி அழகா கட்டி வச்சாரு, நடுவர் "தம்பி, இந்த வயர் எங்க போகுது?"ன்னு கேக்க மவன் திரும்பி அப்பாவ பாக்கான். நடுவரும் அதே பக்கம் பாத்தாரு. அன்னைல இருந்து அவரு டிரைவர் வேலை மட்டும்தான்.

போட்டி அன்னைக்கு பைல ஸ்பேர் செல், டேப், கருப்பு சார்ட், சாப்பாடு. ஸ்க்ரூடிரைவர் மட்டும் ரெண்டா எடுத்துக்கோங்க, ஒன்ன எப்படியும் பக்கத்து டீம் பிள்ளைங்க "ஆன்ட்டி, அஞ்சு நிமிஷம்"னு வாங்கிட்டு போயிருவாங்க.