நிரலாக்க மொழி உருவாக்க எத்தனை பேர் வேண்டும்?

புதிய நிரலாக்க மொழி ஒன்றைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் முதலில் குழு தேடுகிறார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள், தொடக்கத்துக்கு ஒருவர் போதும், ஒருவராக இருப்பதே நல்லது. கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் பைத்தானைத் தனியாகத்தான் எழுதத் தொடங்கினார். பெர்லும் ரூபியும் அவ்வாறு ஒருவர் கையில் பிறந்தவையே.

மொழியின் மிகச் சிறிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இயக்கும் இண்டர்ப்ரிட்டரை நீங்களே எழுதுங்கள். முதல் சோதனைக்கு 2 + 3 * 4 என்ற வரி போதும். இண்டர்ப்ரிட்டரின் முதல் பகுதியான லெக்சர் இதை ஐந்து டோக்கன்களாக, அதாவது எண்களும் குறிகளுமான துண்டுகளாகப் பிரிக்கும். அடுத்த பகுதியான பார்சர் அவற்றை மரமாக அடுக்கும்போது உச்சியில் கூட்டலும், அதன் இடக்கிளையில் 2-உம், வலக்கிளையில் 3-ஐயும் 4-ஐயும் தாங்கிய பெருக்கலும் அமைய வேண்டும். விடை 14 என்றால் மேலே செல்லலாம். 20 என்றால் கூட்டல் முந்திக்கொண்டுவிட்டது, முன்னுரிமை விதியைத் திருத்துங்கள். அடுத்து -2 ** 2 என்று எழுதிப் பாருங்கள்; ** என்பது அடுக்குக் குறி. பைத்தான் இதற்கு -4 என்று விடை தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டோ அடைப்புக்குறி இல்லாமல் இப்படி எழுதுவதையே பிழை என்று மறுக்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இத்தகைய முடிவுகள் நூற்றுக்கணக்கில் வரும் என்பதாலும், அவை ஒன்றோடொன்று பொருந்தினால்தான் மொழி ஒரே மொழியாக நிற்கும் என்பதாலும், இந்தக் கட்டத்தை ஒரே மனம் தாங்குவது நல்லது என்கிறேன்.

இரண்டாவதாகச் சேர்க்க வேண்டியவர் உங்கள் மொழியில் நிரல் எழுதிப் பார்ப்பவர். அவர் தடுமாறும்போது விளக்கம் சொல்லாமல், எந்த வரியில் தடுமாறினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு முன் இதைச் செய்வது முக்கியம். பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் null-இன் வகையை ‘ஆப்ஜெக்ட்’ என்று சொல்லும் அந்தக் காலப் பிழையைத் திருத்தினால் ஏற்கெனவே இயங்கும் பக்கங்கள் உடையும் என்பதால், அது இன்றும் அப்படியே இருக்கிறது.

வடிவமைப்பைப் பகிர்ந்துகொள்ள விரும்பினால் மூவரோடு நிறுத்துங்கள். 1993-இல் பிரேசிலில் லுவாவை உருவாக்கிய மூவரும், மூவருக்கும் உடன்பாடான அம்சத்தை மட்டுமே மொழியில் சேர்த்தார்கள். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கோ மொழியும் 2007-இல் மூவரிடம்தான் தொடங்கியது.

வேகமான இயந்திரக் குறிமுறை தரும் கம்பைலர் ஒரு காலத்தில் பெரிய குழுவின் வேலை. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு, ஜான் பேக்கஸின் குழு ஏறத்தாழ 18 ஆள்-ஆண்டு உழைப்பைச் செலவிட்டது. இன்று அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை எல்எல்விஎம் என்ற ஆயத்தக் கம்பைலர் கருவித்தொகுப்பு ஏற்றுக்கொள்வதால், இதற்கென ஆள் சேர்க்க வேண்டியதில்லை.

ஆள் பலம் உண்மையில் தேவைப்படுவது மொழி பரவிய பின்புதான்: நூலகங்கள், ஆவணங்கள், எடிட்டர் ஆதரவு, பிழைத் திருத்தம் என வேலை பெருகும். கிரேடன் ஹோர் 2006-இல் சொந்த முயற்சியாகத் தொடங்கிய ரஸ்ட், மொசில்லாவின் ஆதரவோடு வளர்ந்து, 2015-இல்தான் 1.0 பதிப்பை எட்டியது. பைத்தானில் வான் ரோசம் 2018-இல் தலைமையிலிருந்து விலகிய பிறகு, ஐவர் கொண்ட குழு தேர்ந்தெடுக்கப்பட்டது; மாற்றங்களுக்கான முன்மொழிவுகளைக் காரணத்தோடு எழுதிவைக்கும் வழக்கம் அங்கு 2000 முதலே இருந்தது. நீங்கள் தனியாக இருக்கும்போதே அத்தகைய பதிவேட்டைத் திறந்துவிடுங்கள். -2 ** 2 பற்றி எடுத்த முடிவும் அதன் காரணமும் அதில் முதல் பதிவாக இருக்கட்டும்.