எக்செல்லில் 6.30 ஏன் 7:12 ஆகிறது?

கம்பம், கூடலூர் பக்கமிருந்து மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் நேரக் கணக்கை எக்செல்லில் போடும் கணக்கப்பிள்ளைகளுக்கு இது. ஃபைல் திறக்க, நெடுவரிசை சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கீழே பி2 என்பது வந்த நேரம் உள்ள செல், சி2 என்பது வெளியேறிய நேரம் உள்ள செல். பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. காலை 6 மணி 0.25, மதியம் 12 மணி 0.5. இது மனதில் இருந்தால் போதும்.

முதலில் புள்ளியைத் தேடுங்கள். நம் பக்கம் சீட்டில் 6.30 என்றுதான் எழுதுவார்கள். அப்படியே அடித்தால் எக்செல்லுக்கு அது 6.3 என்ற வெறும் எண். நேர வடிவத்துக்கு மாற்றினால் 7:12 என்று காட்டும். ஆறு முழு நாளை விட்டுவிட்டு, மீதி 0.3 நாளை மட்டும் மணியாக்கிவிடுகிறது. இனி 6:30 என்று முக்காற்புள்ளி வைத்தே அடியுங்கள். பழையதைச் சரிசெய்ய:

=டைம்(இன்ட்(பி2), ரவுண்ட்(மாட்(பி2,1)*100,0), 0)

நடுவில் இருக்கும் ரவுண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 0.3-ஐ நூறால் பெருக்கினால் 30 தானே, எதற்கு ரவுண்ட் என்று தோன்றும். திரையிலும் 30 என்றே தெரியும். ஆனால் உள்ளே 29.9999... என்று நிற்கும். டைம் பின்னத்தை வெட்டிவிடும் என்பதால் 6:29 வந்து விழும். எல்லா வரியிலும் இப்படி ஆகாது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்கும் நேரம் பெரும்பாலும் எழுத்து, எண் அல்ல. கைரேகை மெஷினிலிருந்து இறக்கிய ஃபைலில் இது சகஜம். =டைம்வேல்யூ(ட்ரிம்(பி2)) போடுங்கள்.

இரவு 9 மணிக்கு ஸ்டோரில் காய் உலர்த்த நின்றவர் காலை 5 மணிக்கு வெளியே வந்தால், நேராகக் கழித்தால் ##### தான் வரும். =மாட்(சி2-பி2,1) என்றால் 8 மணி நேரம் சரியாக வரும்.

ஆறு நாள் எட்டு மணி நேரம் கூட்டினால் 0:00 காட்டுகிறதா? கணக்கு சரிதான், காட்டும் விதம்தான் தவறு. வடிவத்தில் மணிக்கான எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், 48:00 வரும்.

கூலிக்கு 24-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 60 ரூபாய் என்றால் 8:30-க்கு 510 வரவேண்டும், பெருக்காவிட்டால் 21.25 என்றோ, செல் நேர வடிவில் இருந்தால் 6:00 என்றோ வரும்.

என்னைக் கேட்டால், நிமிடத்துக்கென்று தனி நெடுவரிசை ஒன்று வைத்துவிடுங்கள்:

=ரவுண்ட்(மாட்(சி2-பி2,1)*1440,0)

எட்டு மணி நேரம் மட்டுமே வேலை பார்த்தவருக்கும் சில வரிகளில் ஓவர்டைம் விழுவது அந்த ஒளிந்திருக்கும் பின்னத்தால்தான். இந்த முழு எண்ணை 480-உடன் ஒப்பிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பின்சேர்க்கை: சீட்டில் மாலை 4.30 என்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன டைம் பார்முலாவின் கடைசியில் +0.5 சேருங்கள், 16:30 ஆகிவிடும். மதியம் 12.30-க்கு மட்டும் சேர்க்காதீர்கள்.