கொல்லையில் அணில், மதில் ஓரம் கீரி: வீட்டுக்கு வரும் காட்டுயிர்களோடு பழகுவது எப்படி?

கன்னங்குறிச்சி, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கொஞ்சம் சருகு கிடந்தால் போதும். சேர்வராயன் மலையில் இருப்பவற்றில் சில தாமாகவே இறங்கி வரும். நகரத்துக்குள் இருப்பவர்களும் வருத்தப்பட வேண்டாம்: அணில், மைனா, தவிட்டுக்குருவி, ஓணான், தேரை இல்லாத தெரு சேலத்தில் அநேகமாக இல்லை.

பழகுவது என்றதும் பலர் நினைப்பது அணில் உள்ளங்கையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னும் காட்சியைத்தான். என் கணக்கு வேறு. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் அது தன் பாட்டுக்குத் தின்று, குளித்து, சண்டை போட்டால் பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் நெருங்க வைத்தால் லாபம் நமக்கு, ஆபத்து அதற்கு. மனிதனைக் கண்டு பயம் போன அணில், பக்கத்து வீட்டு நாயிடமும் அசட்டையாக இருந்துவிடலாம்.

சரி, வேலையை ஆரம்பிப்போம்.

முதலில் தண்ணீர்

சாப்பாட்டை மறந்துவிடுங்கள், தண்ணீர் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தானியத்தை விடத் தண்ணீருக்குத்தான் கூட்டம்.

வாயகன்ற, ஆழம் குறைந்த மண்சட்டி வாங்குங்கள். தண்ணீர் இரண்டு, மூன்று விரல்கடை ஆழம் இருந்தால் போதும். ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு கருங்கல்லைப் போடுங்கள், தலை வெளியே தெரிகிற மாதிரி. சிட்டும் தேனீயும் கல்லில் உட்கார்ந்து குடிக்கும், தவறி விழுந்த ஓணான் அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும். பிளாஸ்டிக் வேண்டாம். மதியத்துக்குள் தண்ணீர் சுட்டுவிடும், நகமும் வழுக்கும்.

இரண்டு சட்டி வைப்பது நல்லது. ஒன்று மூன்று நான்கு அடி உயரத்தில், பறவைகளுக்கு. இன்னொன்று தரையில், அணில், கீரி, தேரைக்கு. உயரத்தில் வைப்பதைப் புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்க அதுதான் தோதான இடம். ஆறு ஏழு அடி வெட்டவெளி விட்டு, அதற்கப்பால் ஒரு கிளை இருக்கட்டும். குளித்து நனைந்த பறவையால் சட்டென்று பறக்க முடியாது. தப்பிக்க ஒரு கிளை வேண்டும்.

தண்ணீரைத் தினமும் கொட்டி, தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்து, புதிதாக ஊற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் மாற்றினால் அந்தக் கவலையே இல்லை. சோப்பு போட வேண்டாம்.

உட்கார ஓர் இடம்

ஒரு நாற்காலியைச் சட்டியிலிருந்து இருபத்தைந்து முப்பது அடி தள்ளிப் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் அதே இடத்தில் உட்காருங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம், மாலையில் ஐந்துக்கு மேல். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கைப்பேசி சத்தமின்றி இருக்கட்டும். விலங்கையே குறுகுறுவென்று பார்க்காதீர்கள். நேராக முறைத்துப் பார்ப்பது வேட்டையாடுகிறவன் செய்கிற காரியம். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தேங்காய் துருவலாம், கீரை ஆயலாம், பேப்பர் படிக்கலாம்.

முதலில் அணில்தான் உங்களைக் கண்டுபிடிக்கும். மரத்தில் தலைகீழாகப் பாதி தூரம் இறங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். அந்தக் கத்தல் உங்களைப் பற்றி மற்ற எல்லாருக்கும் கொடுக்கிற தகவல். அசையாமல் இருங்கள். நாளாக ஆகக் கத்தல் குறையும். ஒருநாள் இறங்கி வந்து, ஒரு வாய் குடித்து, தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து, மறுபடி குடிக்கும். வால் ஆடவில்லை என்றால் நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்தலாம். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

தின்றுகொண்டிருந்தது நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உறைந்து நின்றால் அதுதான் இன்றைய எல்லை. எழுந்து ஓட வேண்டாம், இன்னும் கிட்டே போகவும் வேண்டாம்.

சாப்பாடு: கொஞ்சம், சுத்தமாக, காலையில் மட்டும்

காக்கைக்கு ஒரு கைப்பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீடுகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். குழம்பு ஊற்றாத, உப்பு போடாத வெறும் சோறு. மைனாவும் அதற்கு வரும். புறாவுக்கும் சிட்டுக்கும் கம்பு, தினை, நொய். கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் பப்பாளி, வாழைப்பழம், கொய்யா. அணிலுக்கு வறுக்காத, உப்பில்லாத வேர்க்கடலை நாலைந்து போதும்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ரொட்டி, பால் கூடாது. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அதற்கு ஒரு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி நட்டால் அதுவே வரும். முருங்கை பூத்துவிட்டால் நீங்கள் கூப்பிடவே வேண்டாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று. சிந்திய தானியம் ராத்திரி அங்கேயே கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். பாம்பைக் கண்டு தெருவே கூடி, "எல்லாம் இந்த வீட்டுக் குருவித் தீனியால்தான்" என்று சொல்லும், அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். அதனால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற அளவு மட்டும் வையுங்கள், மிச்சத்தை மதியத்துக்குள் கூட்டி எடுங்கள். எலிக்கு விஷக்கட்டி வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் கீரியும் சாகும். அவைதான் உங்களுக்குச் சம்பளமில்லாமல் எலி பிடிப்பவை.

தீனியை விடச் சருகு மேல் என்பது என் கட்சி. ஒரு மூலையில் விழுந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டுவிடுங்கள். அதற்குள் புழு, பூச்சி, மண்புழு எல்லாம் சேரும். தவிட்டுக்குருவி அதற்காகவே வரும். அந்தச் சருகு மூலை உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியும், குழந்தைகள் விளையாடுகிற இடத்திலும் மட்டும் வேண்டாம்.

பார்க்கக் கற்றுக்கொள்வது

தவிட்டுக்குருவிக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஆறு, ஏழு, சில சமயம் பத்து கூட இருக்கும். எல்லாம் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் கொய்யாக் கிளையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். அது காவல். அதன் குரல் மாறிய நொடியில் கீழே இருப்பவை அத்தனையும் கிளைக்கு ஏறிவிடும். பிறகு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இரைச்சல் போட்டால் நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். பூனையோ வல்லூறோ பாம்போ அங்கே இருக்கும். கொல்லையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது இந்தக் கத்தலைக் கவனிக்கிற பழக்கம் வந்துவிட்டால் உங்கள் காலுக்கும் அது நல்லது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, இப்படி இருந்தால் போதும்:

"காலை 6.40, மேகமூட்டம். தவிட்டுக்குருவி 7, முருங்கைக்கடியில் சருகு கிளறல். 6.52 எல்லாம் கொய்யா மேல், ஒரே கத்தல். கீழே வெள்ளைப் பூனை. 7.05 திரும்ப இறங்கின, 6தான்."

பெயர் தெரியாத பறவை என்றால் அளவு (சிட்டா, மைனாவா, காக்கையா, எந்த அளவு), வால் நீளம், அலகு, என்ன செய்தது என்று எழுதுங்கள். நிறம் வெளிச்சத்தில் ஏமாற்றும், நடத்தை ஏமாற்றாது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல மெர்லின் செயலி இருக்கிறது. அது சொல்வதை அப்படியே நம்பாமல் கண்ணாலும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது தின்பதை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும்.

அக்டோபர் வாக்கில் சருகு மூலையைக் கூடுதலாகக் கவனியுங்கள். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற ஆறுமணிக்குருவி நிழலான தோட்டங்களில் இறங்கும். பச்சை முதுகு, வால் இருக்கிறதா என்று தேட வைக்கிற குட்டை வால், அடிவயிற்றில் சிவப்பு. விடியலிலும் பொழுது சாயும்போதும் குரல் கொடுக்கும். ஏற்காட்டில் ஓடையோரமாகச் சாம்பல் வாலாட்டியும் செப்டம்பரிலிருந்தே வாலை ஆட்டிக்கொண்டு திரியும்.

ராத்திரி யார் வந்தது?

விழித்திருக்க வேண்டியதில்லை. தரைச் சட்டியைச் சுற்றிச் சலித்த மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மாலையில் ஓர் அட்டையால் சமமாக இழுத்துவிடுங்கள். காலையில் தடம் இருக்கும். நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை. நான்கு விரலோடு நகக்குறியும் இருந்தால் நாய். சின்னத் தடம், ஐந்து விரல், நீள நகக்குறி என்றால் கீரி, ஆனால் அது பகலில் நடமாடுகிற ஆள். மாலை வெளிச்சத்தில் வந்து போயிருக்கும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வீடு இருந்தால் மதில் மேலும் பாறை மேலும் பாருங்கள். பழம் சிவக்கிற பருவத்தில் மரநாயின் எச்சம் கிடக்கும். காப்பிக் கொட்டை முழுசு முழுசாக, தோல் உரித்து ஒட்டவைத்த மாதிரி தெரியும். மரநாய் சதையைத்தான் செரிக்கிறது, கொட்டையை அப்படியே விட்டுவிடுகிறது. நேரில் பார்க்க ஆசை என்றால் டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணில் அடிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

பழகக் கூடாதவை

குரங்கு. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பழமும் சிப்ஸும் நீட்டுகிறவர்கள் பழக்கிவிட்டதன் பலனைத்தான் அடிவாரத்து வீடுகள் அனுபவிக்கின்றன. ஒருமுறை உங்கள் வீட்டில் சாப்பாடு கிடைத்தால் அடுத்தமுறை கேட்காமல் சமையலறைக்குள் வரும். குரங்குக் கூட்டம் வருகிற நாட்களில் தீனியே வைக்காதீர்கள், பழுத்த பழத்தைப் பறித்துவிடுங்கள், மொட்டைமாடித் தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். எதிரே வந்துவிட்டால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து நகருங்கள்.

காட்டெருமை. ஏற்காட்டில் எஸ்டேட்களுக்குள் சாதாரணமாக வரும். முழு வளர்ச்சியடைந்த ஆண் ஆயிரம் கிலோ வரை கூட இருக்கும். சாதுவாக மேய்கிற மாதிரி தெரிவதுதான் சிக்கல். தலையைத் தாழ்த்திச் சீறினால் அது கடைசி எச்சரிக்கை. வீட்டுக்குள்ளிருந்து பாருங்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். விடியற்காலையில் பின்கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மூடுபனி நாளில் பத்தடியில் நிற்பது கூடத் தெரியாது.

பாம்பு. சாரை பகலில் போகும், எலி பிடிக்கும், விஷமில்லை. விட்டுவிடுங்கள். ஆனால் சாரையா நல்லபாம்பா என்று கிட்டே போய்ச் சோதிக்க வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குரங்கு, கீரி, பூனை எது கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

குஞ்சு கீழே விழுந்தால்

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் தேடி வந்து ஊட்டும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது பறவைகள் விஷயத்தில் உண்மையில்லை. எடுத்து வந்து கூண்டில் வளர்ப்பது மட்டும் கூடாது. கிளியாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான்.

பொங்கலுக்கு ஒரு வேலை

இரண்டு மூன்று மாதம் பார்த்துப் பழகியபின் அந்த நோட்டுக்கு ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கொல்லையில் குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்து, பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இபேர்ட் (eBird) தளத்திலோ செயலியிலோ ஏற்ற வேண்டும். கணக்கு தொடங்கக் காசு கிடையாது. பிப்ரவரியில் உலகம் முழுக்க இதே மாதிரி இன்னொன்று வரும், அதற்கும் இதே முறைதான். வந்தது நாலு காக்கையும் இரண்டு மைனாவும் மட்டும் என்றால் அதையே ஏற்றுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாததை மட்டும் விட்டுவிடுங்கள்.